பலகார ஸ்டவுட்: 11 சதவீதம், டீ கிளாஸ், ராயபுரம் மொட்டை மாடி

கல்மண்டபம்:

பேஸ்ட்ரி ஸ்டவுட், அதாவது கேக் மாதிரி இனிக்கிற கெட்டியான கறுப்பு பீர், எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு பேச்சு ஓடிப் பாதியில் நின்றுபோனது. இப்போது குடித்துப் பார்த்தாயிற்று, எழுதிவிடுகிறேன்.

சரக்கு: ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஆம்னிபொல்லோ என்ற பீர் கம்பெனியின் நோவா பீக்கன் மட் கேக். 330 மில்லி பாட்டில், 11 சதவீதம். மச்சான் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆறு பாட்டில் கொண்டுவந்தார். ஆறும் சேர்ந்து 1,980 மில்லி. கஸ்டம்ஸில் ஒருவருக்கு விடுவது 2 லிட்டர். மனுஷன் கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்.

ஊற்றும் சத்தமே வேறு. சளசளவென்று விழாமல் கனமாக இறங்குகிறது. நுரை நல்ல பழுப்பு, அதுவும் கொஞ்ச நேரம்தான். கிளாஸைச் சாய்த்து நிமிர்த்தினால் ஒரு படலம் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிகிறது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன், வெளிச்சம் உள்ளே போகவில்லை. விளிம்பில் மட்டும் ஒரு கோடு சிவப்பு.

வாசனை அடுப்பிலிருந்து இறக்கிய சாக்லெட் கேக். கூடவே வறுத்த கொட்டை, வெனிலா. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, கெட்டியான இனிப்பு. அது அடங்குவதற்குள் கருக வறுத்த தானியத்தின் கசப்பு வருகிறது. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து நெஞ்சு வரை ஒரு சூடு. முகரும்போது இருந்த கொட்டை மணம் நாக்கில் அந்த அளவுக்கு இல்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கசப்புதான். அது இல்லையென்றால் இருமல் டானிக்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு கருத்து. பெரியப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டு "இதுல சோடா ஊத்தணுமா, தண்ணி ஊத்தணுமா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் இரண்டு ஐஸ் கட்டி போட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் அது ஆறிப்போன கோகோ தண்ணீர்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாதிரி ஸ்டவுட்டை 10 முதல் 13 டிகிரிக்குள் குடிக்க வேண்டும் என்பார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் மணமே எழும்பாது. குளிரில் நாக்குக்கு இனிப்பும் குறைவாகத்தான் தெரியும், கசப்பும் சாராய நெடியும் முன்னால் நிற்கும். சூடேற ஏற வெனிலா, சாக்லெட் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆனால் 25 டிகிரியைத் தாண்டினால் திகட்டல். ஐரோப்பாவில் அந்த நல்ல இடைவெளி ஒரு மணி நேரம் நீடிக்கலாம். ராயபுரத்தில், கடற்காற்று அடிக்காத சாயங்காலத்தில், ஒரு பெரிய கிளாஸ் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் இடைவெளி முடிந்துவிடும். அதனால் நாங்கள் செய்தது: பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் வெளியே வைத்து, பிறகு ஈரத்துணி சுற்றி நிழலில் நிறுத்தி, டீ கிளாஸில் 50, 60 மில்லியாக ஊற்றிக்கொண்டோம். ஒரு பாட்டில் ஐந்து பேர். பந்தியில் பாயசம் ஊற்றுகிற அளவுதான் இதற்கும் அளவு.

பாட்டில் இன்னும் மீதி இருக்கிறது. எதோடு குடிக்கலாம், வைத்திருக்கலாமா, சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:

கேக் வேண்டுமென்றால் கேக் சாப்பிட வேண்டும், பீர் வேண்டுமென்றால் பீர் குடிக்க வேண்டும். ரெண்டையும் மிக்ஸியில் அடித்ததற்கு ஏன் தலைவா இவ்வளவு பில்டப்?

காசிமேடு நெத்திலி:

ஐந்து பேருக்கு ஒரு பாட்டிலா? நைனா, கோயில் தீர்த்தமே இதைவிடத் தாராளமாகக் கொடுப்பார்களே.

நைட் டூட்டி நர்ஸ்:

ஐந்து பேர் சரியான கணக்குதான், சிரிக்காதீர்கள். 330 மில்லியில் 11 சதவீதம் என்றால் 36 மில்லி சுத்தமான ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தியில் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, போட்டால் 38 மில்லி சொச்சம். ஆக ஒரு பாட்டில் கிட்டத்தட்ட ஒரு கட்டிங். இனிப்பு மறைத்துவிடுவதால் குடிக்கும்போது தெரியாது. "பீர்தானே" என்று ஆளுக்கு ரெண்டு பாட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுப்பவன்தான் எங்கள் கேஷுவாலிட்டிக்கு வருகிறான்.

இன்னொன்று, சர்க்கரை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். ஆல்கஹால் மட்டுமே 200 கலோரி. அதற்கு மேல்தான் மிச்ச சர்க்கரை. பெரியப்பாவுக்கு சுகர் உண்டா கல்மண்டபம்?

கல்மண்டபம்:

உண்டு. அந்த ஐஸ் தண்ணீரையும் பெரியம்மா வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டார்.

முளைப்பார்லி:

சும்மா வந்தவன் கேட்டதற்கு நியாயமான பதில் உண்டு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும் ஊரில் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டை.

ஸ்டவுட்டின் சாக்லெட், காபி மணம் பெரும்பாலும் தானியத்திலிருந்தே வருவது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அதில் ஒரு பங்கை மட்டும் கருக வறுப்பார்கள். சாக்லெட் மால்ட் என்று ஒன்று விற்கிறது. அதில் கோகோ ஒரு துளியும் கிடையாது, வறுத்த நிறத்துக்கும் மணத்துக்கும்தான் அந்தப் பெயர். ஆக சாக்லெட் வாசனை அடிக்கிற பீர் ஒன்றும் புதுக் கூத்து அல்ல.

பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் கூடுதலாகச் சேர்வது வெனிலா, கோகோ, தேங்காய், பட்டை, காபி, மேப்பிள் சிரப், பல சமயம் லாக்டோஸ். இந்த லாக்டோஸ்தான் முக்கியமான சூட்சுமம். சாதாரண சர்க்கரை போட்டால் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடும், இனிப்பு மிஞ்சாது. பால் சர்க்கரையை பீர் ஈஸ்ட்டால் உடைக்க முடியாது. போட்டது போட்டபடி இனிப்பாகவும் வழுவழுப்பாகவும் நிற்கும். இங்கிலாந்தில் மேக்கசன் என்ற பால் ஸ்டவுட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த வேலையைச் செய்துவிட்டது. லேபிளில் பால் குடம் வரைந்து சத்துப் பானம் என்று விற்றார்கள். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் பாட்டிலில் லாக்டோஸ் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் குடிக்கவும். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய.

இனி கசப்பு. பீர் போட்டி நடுவர்களுக்கான பிஜேசிபி என்ற அமைப்பின் வரையறையில் இம்பீரியல் ஸ்டவுட் என்ற கெட்டி ரகத்துக்கு 8 முதல் 12 சதவீதம் ஆல்கஹால், கசப்பு அளவு 50 முதல் 90. சாதாரண வெளிர் பீரான லாகரில் 20, 25 இருந்தாலே கசக்கிறது என்பார்கள். இத்தனை கசப்பு இருந்தும் உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம் மிச்ச இனிப்பு அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. காய்ச்சுபவரின் கைப்பக்குவம் இந்த இரண்டின் இழுபறியில்தான் தெரியும். கல்மண்டபம் சொன்ன "கடைசிக் கசப்பு" இருந்தால் அடுத்த மடக்கு கேட்கும். அது இல்லாமல் சிரப்பும் எசன்ஸும் ஊற்றி விற்பவர்களும் ஏராளம். முதல் மடக்கில் ஆஹா என்போம், மூன்றாவது மடக்கில் கிளாஸை அடுத்தவன் பக்கம் நகர்த்திவிடுவோம்.

சும்மா வந்தவன்:

சரி, மேக்கசன் வரை ஒத்துக்கொள்கிறேன். பீக்கன் மட் கேக்கை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

துறைமுகத்தான்:

இம்பீரியல் என்று ஏன் பெயர் வந்தது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். லண்டனில் காய்ச்சி ரஷ்ய அரசவைக்கு அனுப்பிய சரக்கு. பேரரசி இரண்டாம் கேத்தரின் காலம். 1796இல் ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தன் நாட்குறிப்பில், ரஷ்யப் பேரரசிக்காகவே தனியாகக் காய்ச்சிய போர்ட்டர் என்ற கறுப்பு பீரைக் குடித்ததாக எழுதியிருக்கிறார். போர்ட்டரில் கெட்டியானதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள், பிறகு போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

கப்பலில் உறைந்துபோகாமல் இருக்கத்தான் ஆல்கஹாலைக் கூட்டினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஹார்பர் பக்கம் வேலை பார்த்தவனுக்கு அது இடிக்கிறது. 10 சதவீத பீர் மைனஸ் நாலு, ஐந்து டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். அதைவிடக் குளிர் அடிக்கிற மாதங்களில் பால்டிக் கடலே உறைந்து, ரஷ்யத் துறைமுகங்களுக்கு அந்தக் காலப் பாய்மரக் கப்பல் போகவே முடியாது. பனி உருகிய பிறகு போகிற சரக்குக்கு உறையும் பயம் எதற்கு? அரசவைக்கு உசத்தியான சரக்கு வேண்டியிருந்தது, காசும் இருந்தது. அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியா என்றாலே எல்லோரும் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரின் கதைதான் பேசுவார்கள். ஆனால் கம்பெனிப் படையின் சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்தது போர்ட்டர். பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்கு. மதராஸில் இப்போது இருப்பது போன்ற துறைமுகம் அப்போது கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்த வெயிலில் கறுப்பு பீரைச் சூடாகக் குடித்த சிப்பாயை நினைத்தால் உங்கள் பெரியப்பாவின் ஐஸ் கட்டி ஒன்றும் பெரிய குற்றம் இல்லை.

வியாசை டு பெங்களூரு:

துறைமுகத்தான் அண்ணே, அருமை.

வியாசர்பாடியை விட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இங்கே இந்திராநகரில் டாய்ட் என்ற, அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் கடை 2010இல் திறந்தது, அதற்கப்புறம் தெருவுக்கு ஒரு மைக்ரோ ப்ரூவரி வந்துவிட்டது. ஸ்டவுட் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. நம்மூரில் 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கவுன்டரில் போய் ஸ்டவுட் இருக்கா என்று கேட்டால் "கூலிங்கா, சாதாவா?" என்பார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் "சீக்கிரம் வாங்கிட்டுப் போப்பா" என்பார்.

என் கருத்து: பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் போய் முதலில் விழாதீர்கள். சாதாரண ஸ்டவுட்டைக் குடித்துப் பழகிவிட்டு வந்தால்தான் இதில் எது தானியம், எது சேர்மானம் என்று பிரித்துத் தெரியும். கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், பார்க்க மிரட்டும், குடிக்க லேசு. அதற்கு அடுத்த படி இலங்கை லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை) அதைப் பிரபலப்படுத்தியவர். அதில் கேக்கும் கிடையாது, கொட்டையும் கிடையாது. வெறும் மால்ட்டிலேயே வெல்லப்பாகு, உலர்ந்த பழம், சாக்லெட் எல்லாம் வந்துவிடும். இனிப்புக்கும் கசப்புக்கும் நடுவில் எப்படி நிற்பது என்று ஸ்வீடன்காரர்களுக்கே அது சொல்லித்தரும். கொழும்பு போய்வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்.

காசிமேடு நெத்திலி:

லயன் ஸ்டவுட்டுக்கு என் ஓட்டும். நெத்திலி வறுவலோடு சாப்பிட்டிருக்கிறேன். மிளகாய் கம்மி, உப்பும் மிளகும் தூக்கல். கறுப்பு பீருக்கு உப்பு போட்ட கடல் சாமான் நன்றாக ஒத்துப்போகும். லண்டனில் அந்தக் காலத்தில் ஸ்டவுட்டும் ஆளிச் சிப்பியும்தான் ஜோடி என்பார்கள். காரம் ஜாஸ்தி போட்டால் மட்டும் மாட்டிக்கொள்வோம், ஆல்கஹால் எரிச்சலைக் கிளப்பிவிடும்.

கேக் ஸ்டவுட்டோடு நெத்திலியா என்று கேட்காதீர்கள். அதற்கு நான் பொறுப்பு இல்லை.

பெரம்பூர் ஆன்ட்டி:

கல்மண்டபம் தம்பி, எதோடு குடிக்கலாம் என்று கேட்டிருந்தாய். நாங்கள் ரயில்வே குடும்பம், கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே இஞ்சி ஒயினும் பிளம் கேக்கும் செய்கிறவர்கள். இனிப்புச் சரக்கு எங்களுக்குப் புதுசு இல்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. பேக்கரி பிளம் கேக்கை இதோடு வைக்காதே. பக்கத்தில் இருக்கும் பலகாரம் சரக்கைவிட இனிப்பாக இருந்தால் சரக்கு புளித்துச் சப்பென்று போகும். சரக்கு ஒரு படி மேலே இனிப்பாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கேக் பழத்தை ரம்மில் மாதக்கணக்கில் ஊறவைத்து, சர்க்கரையை நன்றாகக் கருக்கிப் போடுவது. அது கறுப்பாக, லேசாகக் கசக்கும். அந்த மாதிரி கேக் ஒரு மெல்லிய துண்டு என்றால் பொருந்தும். ஐசிங் தடவியது வேண்டவே வேண்டாம். சௌகார்பேட்டை ஜிலேபி, ரப்ரி பக்கமும் போகாதே, இரண்டும் மோதிக்கொள்ளும்.

என் பையன் வெளிநாட்டிலிருந்து ஒருமுறை வேறொரு பேஸ்ட்ரி ஸ்டவுட் கொண்டுவந்தான். தேங்காய் போட்டது. பல காம்பினேஷன் பார்த்தோம். ஜெயித்தது உப்பு போட்டு வறுத்த முந்திரி. அடுத்தது கெட்டியான உப்புச் சீஸ். கடைசியில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் மேல் இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கொடுத்தான், அதைப் பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல் சாப்பிட வேண்டியிருந்தது.

கல்மண்டபம்:

ஆன்ட்டி, நன்றி. கறிக்குழம்பில் ஊற்றலாமா? மச்சான் மாட்டுக்கறியும் ஸ்டவுட்டும் போட்டு வெளிநாட்டில் ஸ்டூ சாப்பிட்டதாகச் சொல்கிறார்.

பெரம்பூர் ஆன்ட்டி:

சாதா ஸ்டவுட் என்றால் ஊற்றலாம், கறி மெத்தென்று கறுப்பாக நன்றாகவே வரும். இதை ஊற்றினால் கறிப் பாயசம். வெனிலா போட்ட மாட்டுக்கறியை யார் தின்பது?

முளைப்பார்லி:

ஆன்ட்டி சொன்னது சரி. சர்க்கரை அடிப்பிடிக்கவும் செய்யும்.

சும்மா வந்தவன்:

இந்த ஐஸ்கிரீம் யோசனை மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. பலகாரத்தைப் பலகாரத்தின் மேல் ஊற்றுவதில் ஒரு நேர்மை இருக்கிறது.

கல்மண்டபம்:

நேற்று இன்னும் இரண்டு பாட்டில் திறந்தோம். கூட்டு: உப்பு முந்திரி, பீச் ஸ்டேஷன் எதிரில் வாங்கிய அத்தோ (பர்மா நூடுல்ஸ்), அப்புறம் வெனிலா ஐஸ்கிரீம்.

முந்திரி, ஆன்ட்டி சொன்னபடியே. உப்பு நாக்கில் பட்டதும் சரக்கின் இனிப்பு பின்னுக்குப் போய்ச் சாக்லெட் மேலே வந்தது. முகர்ந்தபோது மட்டும் இருந்த கொட்டை வாசம் இப்போது வாயிலும் இருந்தது, ஆனால் அது பாட்டிலிலிருந்து வந்ததா, முந்திரியிலிருந்து வந்ததா என்று மச்சானுக்கும் எனக்கும் ஒரே வாக்குவாதம்.

அத்தோ தோல்வி. பூண்டு வறுவலும் எலுமிச்சையும் சேர்ந்து ஸ்டவுட்டைக் காலி செய்துவிட்டன. புளிப்பு பட்டதும் சரக்கு கருகல் வாடையாக மட்டும் தெரிகிறது. அத்தோவுக்கு வாழைத்தண்டு சூப்தான் சரி, அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அதற்கு இவ்வளவு விலை கொடுத்த பாட்டில் தேவையில்லை.

மூன்று பாட்டில் மீதி. மச்சான் கிறிஸ்துமஸ் வரை, முடிந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை வைக்கலாம் என்கிறார். கெட்டியான ஸ்டவுட் வருஷக்கணக்கில் ஊறினால் ருசி கூடும் என்று எங்கேயோ படித்தாராம். முளைப்பார்லி, என்ன சொல்கிறீர்கள்?

முளைப்பார்லி:

மச்சான் படித்தது பாதி சரி. எதுவும் சேர்க்காத இம்பீரியல் ஸ்டவுட்டையும் பீப்பாயில் ஊறியதையும் வருஷக்கணக்கில் வைக்கலாம். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரிக்காரர்கள் 1990களில் போர்பன் விஸ்கி பீப்பாயில் ஸ்டவுட்டை ஊறவைத்துப் பிரபலமாக்கினார்கள். அதில் வெனிலா மணம் ஓக் மரத்திலிருந்தே இறங்கும், சீக்கிரம் போகாது. நாளாக ஆகச் சாராயக் காட்டம் அடங்கி, உலர்ந்த திராட்சை, பேரீச்சை மாதிரி வாசம் வரும்.

ஆனால் கொட்டை, காபி, தேங்காய் என்று மேலே சேர்த்த மணங்கள்தான் முதலில் பறக்கும். அவை போனபின் மிஞ்சுவது இனிப்பு. அதுவும் உங்கள் ஊர் வெப்பத்தில் பீர் சீக்கிரம் கிழடாகும், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். ஸ்டோர் ரூம், பீரோ, கட்டிலுக்கு அடியில், இந்த யோசனை எதுவும் வேண்டாம். வைத்தால் ஃப்ரிட்ஜில், நிற்க வைத்து.

ஒன்றை மட்டும் ஃப்ரிட்ஜில் கிறிஸ்துமஸ் வரை வையுங்கள், ஆசைக்கு. இரண்டை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

நைட் டூட்டி நர்ஸ்:

ஒரே நாளில் இல்லை.

காசிமேடு நெத்திலி:

அந்த இரண்டுக்கு ஆள் குறைந்தால் சொல்லு நைனா. கல்மண்டபம் ஏரியா நமக்கு நடக்கிற தூரம்தான். முந்திரி நான் வாங்கி வருகிறேன், நெத்திலி கொண்டுவர மாட்டேன்.

கல்மண்டபம்:

ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு வாங்க அண்ணே. நடந்தே வரணும், வண்டி கூடாது. உங்கள் பங்கு 60 மில்லி, அதற்கு மேல் கேட்கக் கூடாது.